தளர்ந்தாலும் தொல்லை, இறுகினாலும் தொல்லை

தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததும் சட்டென்று கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிற பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். கல்யாண வீட்டில் வயிறு குலுங்கச் சிரிக்கும்போது பாதியிலேயே சிரிப்பை நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. பஸ் ஏறுவதற்கு முன் தேவையோ இல்லையோ ஒருமுறை கழிப்பறைக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. வெளியூர்ப் பயணம் என்றால் முதல்நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறவர்களும் உண்டு. விசாரித்தால், "ரெண்டு புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். அவர்களுடைய அம்மாவும் மாமியாரும் அதையே சொல்லிக்கொண்டுதான் முப்பது வருடம் ஓட்டியிருப்பார்கள்.

ஆண்களின் நிலைமை வேறு. விரைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே ஒரு வலி. உட்கார்ந்தால் கூடும், எழுந்து நடந்தால் குறையும். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் ஐ.டி. ஊழியரும், ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுபவரும் 'சூடு பிடிச்சிருக்கு' என்று வெந்தயமும் இளநீருமாகக் கொஞ்ச நாள் பார்ப்பார்கள். குறையவில்லை என்றதும் ஏதாவது பால்வினை நோயாக இருக்குமோ என்ற பயம் பிடித்துக்கொள்ளும். பிறகு லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவர்களிடம் பணம் போகும். வலி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சிறுநீர்க் கசிவு, வலி என்ற இந்த இரண்டு தொல்லைகளும் பெரும்பாலும் ஒரே தசைத் தொகுப்பிலிருந்து வருகின்றன. மருத்துவர்கள் 'பெல்விக் ஃப்ளோர்' என்று சொல்லும் இடுப்புத் தளத் தசைகள் அவை. முதல்வகையில் தசை தளர்ந்திருக்கிறது. இரண்டாவதில் இறுகிக் கிடக்கிறது. ஒன்றுக்கான பயிற்சி மற்றதற்கு ஆகாது. எந்தப் பக்கத் தொல்லை என்று தெரியாமலே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு.

பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்

அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் கையில் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, இரு பக்கமும் இழுத்துக் கட்டிய தூளிபோல இந்தத் தசைகள் தொங்குகின்றன. சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கர்ப்பப்பை எல்லாம் இதன்மேல்தான் இருக்கின்றன. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் இருமும்போதும் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் முழுக்க இதன்மேல்தான் இறங்குகிறது. இதற்கு உத்தரவு கொண்டுவருவது முதுகுத்தண்டின் அடியிலிருந்து புறப்படும் புடெண்டல் நரம்பும் அதன் அக்கம்பக்கத்து நரம்புகளும்.

தாங்குவது மட்டும் இதன் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. சிறுநீரையும் மலத்தையும் அடக்கிவைக்க இறுகவேண்டும். கழிக்கும் நேரத்தில் முழுதாகத் தளரவேண்டும். மலக்குடலை முன்பக்கமாகக் கொக்கிபோட்டு இழுத்து வைத்திருக்கும் ஒரு பட்டை இந்தத் தசைகளில் உண்டு. குந்தி உட்காரும்போது அந்த வளைவு நிமிர்ந்து, மலம் எளிதாக இறங்குகிறது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் சிரமப்படுகிறவர்கள் காலுக்குக் கீழே ஒரு முக்காலியைப் போட்டு முழங்காலை உயர்த்திக்கொண்டால் இதே பலன் கிடைக்கும்.

இடுப்பு மூட்டைச் சுழற்றும் தசைகளில் ஒன்று இடுப்புக்கூட்டின் உள்சுவரில் படிந்திருக்கிறது. இடுப்புத் தளத் தசையின் ஒரு பகுதி அந்தத் தசையின் உறையிலிருந்துதான் தொடங்குகிறது. அதனால்தான் இடுப்பு மூட்டில் கோளாறு உள்ளவருக்கு அடியில் வலிப்பதும், அடித்தசை இறுகியவருக்குத் தொடையிடுக்கில் வலிப்பதும் நடக்கிறது. எலும்பு மருத்துவர் ஒரு பக்கம், சிறுநீரக மருத்துவர் ஒரு பக்கம், மகப்பேறு மருத்துவர் ஒரு பக்கம் என்று நோயாளி அலைவதற்கும் இந்த அமைப்புதான் காரணம்.

தளரும்போது

சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது இந்தத் தசையின் உள்விளிம்பு தன் இயல்பான நீளத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் நீள்வதாக, மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு 2004-இல் கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டது. உடம்பின் வேறெந்தத் தசையையும் இவ்வளவு இழுத்தால் கிழிந்துவிடும். பெரும்பாலான பெண்களுக்கு இது பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது என்பதே ஆச்சரியம். சிலருக்குத் தசை எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவங்களில் இந்த ஆபத்து கூடுதல்.

அப்படியானால் சிசேரியன் செய்துகொண்டால் தப்பிக்கலாமா? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அந்தத் தாய்மார்களிலும் கசிவோடு இருப்பவர்கள் உண்டு. பத்து மாதம் சுமந்த பாரமும் கர்ப்பகால ஹார்மோன்களும் பிரசவத்துக்கு முன்பே தசையைத் தளர்த்திவிடுகின்றன. சிசேரியன் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. இந்தக் காரணத்துக்காக மட்டும் வயிற்றைக் கிழித்துக்கொள்வது சரியான முடிவாக எனக்குத் தோன்றவில்லை.

பிரசவத்தோடு கதை முடிவதில்லை. பச்சை உடம்போடு தண்ணீர்க் குடம் தூக்குவது, விறகடுப்புப் புகையில் வருடக்கணக்கில் இருமுவது, மலச்சிக்கலில் தினமும் முக்குவது, கூடிக்கொண்டே போகும் உடல் எடை, மாதவிலக்கு நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன் என்று ஒவ்வொன்றும் அந்தத் தசைமேல் ஏறி உட்காருகிறது.

கசிவில் இரண்டு வகை உண்டு. இருமல், தும்மல், சிரிப்பு, பாரம் தூக்குதல் இவற்றின்போது கசிந்தால் அது அழுத்தக் கசிவு. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைத் தொடுவதற்குள் அடக்கமுடியாமல் போனால் அது அவசரக் கசிவு. பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். காற்றையோ மலத்தையோ அடக்க முடியாத நிலை இதைவிட அதிகமாக மறைக்கப்படுகிறது. பிரசவத்தில் ஆசனவாய்வரை கிழிந்தவர்களுக்கு அது வரலாம். சொந்தப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் மூன்று வேளையும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வாழ்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வைத்தியம் இருக்கிறது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இன்னொன்று, கர்ப்பப்பை இறக்கம். "கீழே ஏதோ தட்டுப்படுது", "சாயங்காலம் ஆனா அடி இறங்குது" என்பார்கள். காலையில் குறைவாகவும், நின்று வேலை செய்தபின் கூடுதலாகவும் இருக்கும். கர்ப்பப்பைதான் இறங்கும் என்றில்லை. முன்சுவர் வழியாகச் சிறுநீர்ப்பையோ, பின்சுவர் வழியாக மலக்குடலோ சரியலாம். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது புற்றுநோய் கிடையாது. வெளியே வந்த பகுதி புண்ணாகிவிட்டால், ரத்தம் கசிந்தால், சிறுநீர் வரவில்லை என்றால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

1948-இல் சொன்ன பயிற்சி

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கீகல், 1948-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தத் தசைகளுக்கான பயிற்சியை விவரித்தார். தசை எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று அளக்க ஒரு கருவியையும் செய்தார். யோகத்தில் மூலபந்தம் என்று சொல்லப்படுவதும் இதே இடத்தைச் சுருக்கும் பயிற்சிதான். நோய்க்கு மருந்தாக இது எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு இன்று உறுதியான சான்று இருக்கிறது. 2018-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அழுத்தக் கசிவு இருந்த பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமாகிவிட்டதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம்.

செய்முறையைச் சொல்கிறேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் காற்றுப் பிரியாமல் அடக்குவதாக நினைத்துப் பின்வாயை உள்ளும் மேலுமாக இழுங்கள். அப்படியே முன்பக்கமும் சேர்ந்து மேலேறும். பிட்டம், தொடை, வயிறு மூன்றும் அசையக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. சில நொடிகள் பிடித்திருந்து, அதே அளவு நேரம் முழுதாக விட்டுவிடுங்கள். விடுவதும் பயிற்சியில் பாதி. பலர் அதைத் தவறவிடுகிறார்கள். ஒருவேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு தரும் அளவு. பழகப் பழகப் பத்து நொடிவரை பிடிக்கலாம். சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகச் செய்யாதீர்கள்; அது சிறுநீர்ப்பையைக் குழப்பும்.

தசை பலப்படும்வரை காத்திருக்காமலே பலன் தரும் ஓர் உத்தி இருக்கிறது. இருமலோ தும்மலோ வருவதற்கு ஒரு நொடி முன்பு தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்வது. மிச்சிகன் குழு 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வாரம் பழகிய வயதான பெண்களுக்குக்கூட இருமும்போது கசிவது கண்கூடாகக் குறைந்தது. குடத்தைத் தூக்குமுன், குழந்தையை இடுப்பில் ஏற்றுமுன், கட்டிலிலிருந்து எழுமுன் இதைச் செய்யலாம்.

புத்தகம் படித்தோ வீடியோ பார்த்தோ தானாகச் செய்பவர்களில் நிறையப் பேர் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள். அது இருக்கிற தொல்லையைக் கூட்டும். அதனால் ஒருமுறையாவது பயிற்சிபெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டி, சரியான தசைதான் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்வது அவசியம்.

அவசரக் கசிவுக்குச் சிறுநீர்ப்பையைப் பழக்கவேண்டும். மூன்று நாள் எத்தனை மணிக்கு, எவ்வளவு போனோம் என்று எழுதிவைத்து, இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவேண்டும். ஆறு வாரமாவது ஆகும். காபியையும் டீயையும் குறைக்கவேண்டும். தண்ணீரைக் குறைக்கக் கூடாது. சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். உடல் எடைக்கும் இதில் பங்கிருக்கிறது. எடை அதிகமான 338 பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்த குழுவினருக்கு வாரத்தில் கசியும் தடவைகள் 47 சதவீதம் குறைந்தன. ஒப்பிட்டுப் பார்த்த மற்ற குழுவில் அது 28 சதவீதம்.

புராஸ்டேட் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் ஆண்களுக்கும் இதே பயிற்சிதான். அறுவைக்கு முன்பே கற்றுக்கொண்டு தொடங்குவது நல்லது. முதல் சில மாதங்கள் கசியும். பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் கட்டுக்கு வரும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகுமா?

இறக்கம் என்றதும் 'எடுத்துடலாம்' என்ற பேச்சு வந்துவிடுகிறது. தூக்கிப் பிடிக்கும் தசையும் நாண்களும் தளர்ந்ததால்தான் கர்ப்பப்பை இறங்கியது. அதை மட்டும் எடுத்துவிட்டு, மேலே பொருத்திக் கட்டவேண்டியதைக் கட்டாமல் விட்டால், பிறகு பிறப்புறுப்பின் மேல்பகுதியே இறங்கி வரலாம். எனவே அறுவைக்குச் சம்மதிக்கும் முன் மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்வி: "எடுத்தபிறகு எதை எதோடு சேர்த்துக் கட்டப்போகிறீர்கள்?" இன்னும் பிள்ளை பெறவேண்டிய இளம்பெண்களுக்குக் கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டும் அறுவை முறைகள் உண்டு. அவற்றில் சில மும்பை மருத்துவர்கள் ஷிரோட்கர், புரந்தரே பெயர்களில் உலகப் பாடநூல்களில் இருக்கின்றன. நம் நாட்டில் இளவயதிலேயே இறக்கம் வரும் பெண்களைக் கண்டு இங்கேயே உருவான வைத்தியம் அது.

கத்தி இல்லாத வழியும் இருக்கிறது. 'பெசரி' என்னும் சிலிக்கான் வளையத்தை அளவு பார்த்து உள்ளே பொருத்திவிட்டால் இறங்கியதைத் தாங்கிக்கொள்ளும். வயதானவர்களுக்கும், இதய நோயாலோ சர்க்கரையாலோ அறுவைக்குத் தயங்குபவர்களுக்கும் இது பெரிய ஆறுதல். அவ்வப்போது எடுத்துக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்த்துத் திரும்ப வைக்கவேண்டும். இவ்வளவு எளிய பொருளைப் பற்றி நம் பாட்டிகளுக்கு யாரும் சொன்னதில்லை.

வலை வைத்துத் தைக்கும் அறுவை பற்றி ஒரு வார்த்தை. பிறப்புறுப்பு வழியாக வலை வைத்து இறக்கத்தைச் சரிசெய்த பெண்கள் பலருக்கு வலை உள்ளே அரித்து, தீராத வலி வந்தது. ஆஸ்திரேலியா 2017-இல் அதை நிறுத்தியது, அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2019 ஏப்ரலில் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. பாதிக்கப்பட்ட பெண்களின் குரலை மருத்துவ உலகம் கேட்கத் தவறியதை பிரிட்டனில் 2020-இல் வந்த அரசு விசாரணை அறிக்கை கடுமையாகக் கண்டித்தது. குடலிறக்கத்துக்கு வயிற்றுச் சுவரில் வைக்கும் வலை வேறு. அதை இதோடு சேர்த்துப் பயப்பட வேண்டாம்.

இறுகும்போது

இனி மறுபக்கம். நாள் முழுக்க அடக்கிவைப்பவர்கள், பயத்திலும் பதற்றத்திலும் உடம்பை இறுக்கியே வைத்திருப்பவர்கள், ஒருமுறை வந்த சிறுநீர்த் தொற்றின் வலியில் தசையைச் சுருக்கிப் பழகியவர்கள், பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், எண்டோமெட்ரியோசிஸ் நோயோடு வாழ்பவர்கள் என்று தசை இறுகிப்போகப் பல வழிகள். சிறுநீர் தொடங்கத் தாமதமாகும், முழுதாகப் போகாத உணர்வு இருக்கும், முக்கினாலும் மலம் வெளியேறாது, தாம்பத்தியத்தில் வலிக்கும். ஆண்களுக்கு விந்து வெளியேறியபின் வலி கூடலாம். ஆணுறுப்பின் நுனியிலோ விரையிலோ வலி தெரியலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இருக்காது. இருந்தும் ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுக்கப்படும்.

ஆண்களின் இந்த வலிக்கு 'புராஸ்டேட் அழற்சி' என்ற பெயர்தான் நீண்ட நாள் ஓடியது. 1990-களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அதை நான்கு வகையாகப் பிரித்தது. அதில் கிருமியே காணப்படாத நாட்பட்ட வலி வகையில்தான் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அடங்குகிறார்கள். அவர்களில் கணிசமானவர்களுக்கு விரலால் தொட்டுப் பார்த்தால் இடுப்புத் தளத் தசையில் இறுகிய முடிச்சுகள் இருக்கும். அழுத்தினால் அதே வலி எழும். அப்படிப்பட்டவருக்குக் கீகல் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால் வலி இரட்டிப்பாகும்.

இவர்களுக்குத் தேவை விடும் பழக்கம். வயிறு உப்ப மூச்சை இழுக்கும்போது இடுப்புத் தளம் தானாகக் கீழிறங்கித் தளர்கிறது. அந்த அசைவை உணர்ந்து மெல்ல மூச்சுவிடுவதே முதல் பாடம். பாலாசனம், ஆழமாகக் குந்தி உட்காருவது, மல்லாந்து படுத்துப் பாதங்களைப் பிடித்துக்கொள்ளும் ஆனந்த பாலாசனம், வெதுவெதுப்பான நீர் நிரம்பிய தொட்டியில் உட்காருவது எல்லாம் உதவும். பயிற்சிபெற்ற பிசியோதெரபிஸ்ட் முடிச்சுகளைக் கையால் தளர்த்திவிடுவார். தேவைப்பட்டால் நரம்பு வலிக்கான மாத்திரையும் மனநல ஆலோசனையும் சேரும். மனநல ஆலோசனை என்றதும் 'வலி பொய் என்கிறார்கள்' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாட்பட்ட வலியில் நரம்பு மண்டலமே உஷாராகி, சின்ன உணர்வையும் வலியாகக் கூட்டிக் காட்டுகிறது. அதை அடக்கும் வைத்தியம் அது.

உட்கார்ந்தால் எரிச்சலோடு வலித்து, நின்றால் குறைந்து, நடுவில் ஓட்டையுள்ள டாய்லெட் இருக்கையில் மட்டும் வலிக்காமல் இருந்தால் புடெண்டல் நரம்பு அழுத்தப்படுகிறதா என்று பார்க்கவேண்டும். நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது வரும்; இருக்கையை மாற்றினாலே பாதி குறைந்துவிடும்.

கல்யாணமாகி ஒரு வருடமாகியும் உறவு கொள்ள முடியாத பெண்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விருப்பம் இருந்தும் தசை தானாக இறுகி வழிவிடாத நிலை அது, மருத்துவத்தில் வஜினிஸ்மஸ். அவள்மேல் பழி விழுகிறது, பிள்ளை இல்லை என்று கோயில் கோயிலாக அலையவிடுகிறார்கள், விவாகரத்துப் பேச்சுவரை போகிறது. இது குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். தசையைத் தளர்த்தும் பயிற்சி, சிறிதிலிருந்து பெரிதாக அளவு கூட்டும் விரிப்பான்கள், கணவனும் சேர்ந்து வரும் ஆலோசனை, இவை போதும். 'கல்யாணமானா சரியாப் போயிடும்', 'கொஞ்சம் பொறுத்துக்கோ' என்ற அறிவுரைகள் இந்தத் தசையை இன்னும் இறுக்கும்.

அடக்கிவைப்பதைப் பற்றிப் பேசும்போது உடம்போடு வேலைச்சூழலும் சேர்கிறது. ஜவுளிக்கடையில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண்களுக்காகத் தமிழ்நாடு 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ஜூனில், முக்கியஸ்தர்கள் போகும் சாலையோரத்தில் பெண் காவலர்களைப் பாதுகாப்புக்கு நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு நிற்கும் நிலை இருக்கும்வரை எந்தப் பயிற்சியும் அந்தப் பெண்களுக்கு முழுப்பலன் தராது.

தொடையிடுக்கில் வலித்தால்

கவட்டையில் வலி என்று வருகிறவரிடம் நல்ல மருத்துவர் முதலில் சொல்வது, "ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்". உள்தொடை மேல்பகுதியா, அடிவயிற்று மடிப்பா, நடு எலும்பா, மூட்டுக்குள் ஆழத்திலா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. விளையாட்டு வீரர்களின் தொடையிடுக்கு வலிக்கு ஆளுக்கொரு பெயர் வைத்துக் குழம்பிக்கொண்டிருந்ததால், 2014-இல் தோகாவில் 14 நாடுகளைச் சேர்ந்த 24 வல்லுநர்கள் கூடி இந்த இட அடிப்படையிலேயே பிரித்தார்கள்.

அதிகம் வருவது உள்தொடைத் தசை வலி. கால்பந்தில் பக்கவாட்டாக உதைக்கும்போதும், கபடியில் கால்களை அகலப் பாய்ச்சித் தொடும்போதும் அந்தத் தசையே இழுபடுகிறது. ஓய்வெடுத்து, மசாஜ் செய்து, மின்சிகிச்சை எடுத்தால் போதும் என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். டென்மார்க்கில் நாட்பட்ட வலியிருந்த 68 வீரர்களை வைத்து நடந்து 1999-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அதை மாற்றியது. தசையைப் பலப்படுத்தும் பயிற்சி செய்த குழுவில் 23 பேர் வலியின்றி ஆட்டத்துக்குத் திரும்பினார்கள். மசாஜ், லேசர், நீட்சி என்று வாங்கிக்கொண்ட குழுவில் 4 பேர். வராமல் தடுப்பதற்கும் வழியுண்டு. நார்வேயில் 2019-இல் வெளியான ஆய்வில், உள்தொடையைப் பலப்படுத்தும் ஒரே பயிற்சியைத் தொடர்ந்து செய்த கால்பந்து வீரர்களுக்குத் தொடையிடுக்குத் தொல்லை 41 சதவீதம் குறைந்தது. நம் கிராமத்துக் கபடிக் குழுக்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பைசா செலவில்லை. ஒருக்களித்துப் படுத்திருப்பவரின் மேல்பக்கக் காலை ஒரு ஆள் பிடித்துக்கொண்டால் போதும்.

இருமும்போது தொடையிடுக்கில் புடைத்து, படுத்தால் உள்ளே போனால் அது குடலிறக்கம். ஆண்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறை வருகிறது. பெல்ட் கட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுவது வைத்தியம் ஆகாது. பெண்களுக்குக் குறைவு, ஆனால் சற்றுக் கீழே தொடைப் பக்கம் வரும் வகை பெண்களுக்கே அதிகம், சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதற்கே அதிகம்.

காலில் புண்ணோ முள் குத்தலோ இருந்து தொடையிடுக்கில் நெறி கட்டினால் புண்ணைக் கவனித்தால் அடங்கிவிடும். காரணமே இல்லாமல் கட்டி வாரக்கணக்கில் இருந்தால் காட்டவேண்டும். விலாவுக்குக் கீழே தொடங்கிச் சுருட்டிச் சுருட்டித் தொடையிடுக்குக்கு இறங்கும் வலி பெரும்பாலும் சிறுநீரகக் கல்.

கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இடுப்புக்கூட்டு மூட்டுகளில் வலி வருகிறது. கட்டிலில் புரளும்போது, மாடிப்படி ஏறும்போது கவட்டை பிளப்பதாகச் சொல்வார்கள். முழங்கால்களைச் சேர்த்தபடி புரள்வது, உட்கார்ந்துகொண்டே உடை மாற்றுவது, சின்ன அடியாக வைப்பது, இடுப்புப் பட்டை, பிசியோதெரபி இவை உதவும். குழந்தைக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை.

நடுவயதில், காரணம் தெரியாமல் தொடையிடுக்கில் ஆழமாக வலித்து, சம்மணம் போட முடியாமல் போனால் இடுப்பு மூட்டைப் படமெடுக்கவேண்டும். தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது மடிந்துபோகும் நோய் மதுவாலும் ஸ்டீராய்டாலும் வருகிறது. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் இது தோன்றுவதை மும்பை மருத்துவர்கள் 2021-இல் பதிவுசெய்தார்கள். மூட்டு வலிக்கு என்று பெயர் ஒட்டாத பொடிகளைச் சாப்பிடுபவர்கள் கவனிக்க: அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதிதல்ல. தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரே எதையும் காட்டாது, எம்.ஆர்.ஐ. காட்டும்.

நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாதவை

பையனுக்குத் திடீரென்று ஒரு பக்க விரை வலித்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பதின்வயதுப் பையன்கள் வெட்கப்பட்டு 'வயிறு வலிக்குது' என்பார்கள், வாந்தியும் எடுப்பார்கள். பெற்றவர்கள் தயங்காமல் கேட்கவேண்டும். உள்ளே போகாத குடலிறக்கப் புடைப்பு, கூடவே வாந்தி. முதுகுவலியோடு அடிப்பகுதி மரத்துப்போய்ச் சிறுநீர் வராமல் இருப்பது. கல் வலியோடு குளிர்காய்ச்சல். விழுந்த வயதானவர் காலை ஊன்ற முடியாமல் தொடையிடுக்கில் வலி என்பது. இவை எல்லாம் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை. சிறுநீரில் ரத்தமும், மாதவிலக்கு நின்றபின் வரும் உதிரப்போக்கும் வலி இல்லாவிட்டாலும் காட்டப்படவேண்டும்.

அரசிடம் ஒரு வேண்டுகோள்

பிரான்சில் பிரசவித்த பெண்ணுக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை அரசுக் காப்பீடே தருகிறது. நம்மிடம் அதற்கான ஆட்கள் இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். பிரசவித்த வீட்டுக்குக் கிராம சுகாதார செவிலியர் போகிறார். குழந்தையின் எடையைப் பார்க்கிறார், தாய்ப்பால் பற்றிக் கேட்கிறார், குடும்பக் கட்டுப்பாடு பற்றிச் சொல்கிறார். "இருமினால் கசிகிறதா, கீழே ஏதாவது தட்டுப்படுகிறதா, உறவில் வலிக்கிறதா" என்ற மூன்று கேள்விகளை அந்தப் படிவத்தில் சேர்க்கலாம். ஆம் என்று சொன்னவளை பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பிவைக்கலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இந்தத் தசைகளைப் பரிசோதிக்கப் பழகிய ஒரு பெண் பிசியோதெரபிஸ்ட்டும், ஆண்களுக்கு ஓர் ஆண் பிசியோதெரபிஸ்ட்டும் இருக்கவேண்டும். பெசரி வளையங்கள் இலவசமாகக் கிடைக்கவேண்டும்.

வாசகர்களுக்கு: பெண்கள் மகப்பேறு மருத்துவரிடமும், ஆண்கள் சிறுநீரக மருத்துவரிடமும் தொடங்குங்கள். கூச்சமாக இருந்தால் தொல்லையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பரிசோதனையின்போது பெண் உதவியாளர் உடனிருக்கவேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. எந்த நிலையிலும் 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்லலாம். தசை தளர்ந்திருக்கிறதா, இறுகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பயிற்சியையும் ஆரம்பிக்காதீர்கள். மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்து பார்க்காமல், அவசரம் ஏதும் இல்லாதபோது, அறுவைக்குத் தேதி வாங்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்து கேளுங்கள்.